மாடுகள் போகவேண்டிய இடத்தையும் குறியுங்கள்: திருகோணமலை மாவட்ட விவசாயக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அரசாங்க அதிபர் அவர்களுக்கும், மாவட்ட விவசாயக் குழுவினருக்கும், கமநல சேவை நிலைய உத்தியோகத்தர்களுக்கும்,

மழைக்கால நெற்செய்கையான பெரும்போகத்துக்கு முன் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தில் குளத்தில் எவ்வளவு தண்ணீர், வாய்க்கால் எப்போது திறப்பது, விதைப்பை எந்தத் திகதிக்குள் முடிப்பது, எத்தனை மாத நெல் போடுவது என்று எல்லாம் முடிவாகிறது. வயல்வெளியிலிருந்து கால்நடைகளை அப்புறப்படுத்தும் கடைசித் திகதியும் அங்கேதான் முடிவாகிறது. நியாயமான விதி. முளைத்து வரும் பயிரில் ஒரு பட்டி மாடு இறங்கினால் விடியும்போது என்ன மிஞ்சும் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால், அந்த மாடுகள் எங்கே போவது? அதற்குக் கூட்டத்தில் யாரும் பதில் சொல்வதில்லை. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், வெருகல் பக்கம் ஒன்றிரண்டு ஏக்கர் வயலோடு வாழும் குடும்பங்களைப் பாருங்கள். வயலோடு நாலைந்து மாடு, வளவில் கத்தரி, வெண்டி, முருங்கை, கொஞ்சம் கோழி. அறுவடை முடிந்ததும் மாடு வயலில் மிஞ்சிய அரிதாளை மேய்கிறது, சாணம் அந்த மண்ணிலேயே விழுகிறது. பட்டியில் சேரும் எரு வளவுக்கும் அடுத்த போகத்துக்கும் போகிறது. நெல்லுக் காசு போகத்துக்கு ஒருமுறைதான் வரும். அதுவும் கடனுக்கே போய்விடும். இடையில் பிள்ளைகளின் கொப்பிக்கும் மருந்துக்கும் கைகொடுப்பது பாலும் தயிரும். பால் கறப்பது, பட்டி கூட்டுவது, வளவுக்குத் தண்ணீர் ஊற்றுவது, விதைநெல்லைக் காயவைத்துப் பத்திரப்படுத்துவது என்று இதில் பெரும்பகுதி பெண்களின் உழைப்பு. கமநலப் பதிவேட்டிலோ வயலின் அளவும் பெரும்பாலும் ஓர் ஆணின் பெயரும்தான் இருக்கின்றன.

2021ஆம் ஆண்டை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். எல்லோரும் எரு, கூட்டெரு போன்ற சேதனப் பசளைக்கு மாறவேண்டும் என்று மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியது; நவம்பரில் அந்த முடிவைக் கைவிட்டது. அதற்குள் நட்டம் வந்து சேர்ந்துவிட்டது. அதன் பிறகு சேதனப் பசளை என்று யாராவது பேச ஆரம்பித்தாலே கமக்காரர் எழுந்து போய்விடுகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு வர்த்தமானி அறிவித்தலால் மண் மாறாது. எரு வருடக்கணக்காகச் சேர்ந்து வேலை செய்வது. அதற்கு மாடு வேண்டும், மாட்டுக்குப் புல் வேண்டும். எருவைக் கேட்ட அதிகாரிகள் புல்லைப் பற்றி யோசிக்கவே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

வைக்கோலையும் சொல்ல வேண்டும். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் பொட்டாசியத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் தங்குகிறது. கடையில் எம்.ஓ.பி. என்ற இரசாயனப் பசளையாக மூட்டை மூட்டையாக வாங்குவதும் அதே பொட்டாசியத்தைத்தான். அறுவடை மெஷின் கொட்டிப்போகும் வைக்கோலுக்கு நெருப்பு வைத்தால் அதிலிருக்கும் நைதரசன் புகையோடு போய்விடும். மாடு இருக்கிற வீட்டில் வைக்கோலை எரிக்க மனம் வராது. மாட்டை விற்றவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

2024 பெரும்போகத்துக்குப் பசளை மானியத்தை ஹெக்டேயருக்கு 15,000 ரூபாயிலிருந்து 25,000 ரூபாயாக உயர்த்தினார்கள். நல்லது, நன்றி. ஒரு ஏக்கர்க்காரருக்கு அதில் பத்தாயிரம் அளவில் வரும். மாட்டையும் வைத்திருக்க ஒரு வழி இருந்தால் அந்தப் பணம் அவருக்கு இன்னும் கொஞ்சத் தூரம் ஓடும்.

முன்பு மாடுகள் போன மேய்ச்சல் தரைகளில் சில வயலாகிவிட்டன, சில வேலிக்குள் போய்விட்டன, சிலவற்றுக்கு யானைக்குப் பயந்து யாரும் போவதில்லை. ஐப்பசியிலிருந்து மாசி வரை மாடு வீதியோரம் நிற்கிறது. இரவில் வாகனத்தில் அடிபடுகிறது, இல்லாவிட்டால் அடுத்தவர் வயலில் இறங்குகிறது. அயலவர்கள் பொலிசுக்குப் போகும் அளவுக்குப் பகை வளர்கிறது. நெல்லுக்குப் பிறகு எஞ்சிய ஈரத்தில் பயறும் கௌப்பியும் போட்டால் இரண்டு மாதம் சொச்சத்தில் காசு கிடைக்கும், மண்ணுக்கும் நைதரசன் சேரும். நீங்களும் அதைத்தான் ஊக்குவிக்கிறீர்கள். ஆனால் கட்டாக்காலி மாட்டுக்குப் பயந்து பலர் அந்தப் பக்கமே போவதில்லை. மாட்டுக்காரருக்கும் பயறு போடுபவருக்கும் மேய்ச்சல் தரைதான் தீர்வு.

ஆகவே, அடுத்த ஆரம்பக் கூட்டத்துக்குக் கால்நடை வைத்திய அதிகாரியையும் பட்டிக்காரர்களையும் கூப்பிடுங்கள். கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொரு வட்டைக்கும், அதாவது வயல்தொகுதிக்கும், உரிய மேய்ச்சல் தரையை அந்த வயல்களின் நீர்ப்பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானையோடு நடந்து பார்த்து, அளந்து, எல்லை போடுங்கள். மாடு போகும் பாதையும் குடிக்கும் தண்ணீரும் அதில் அடங்க வேண்டும். கமக்காரர் அமைப்புகளுக்கு வைக்கோல் கட்டும் இயந்திரம் ஒன்றாவது பொதுவில் கிடைக்கச் செய்யுங்கள். அப்புறம், தீர்மானப் பத்திரத்தில் கால்நடைகளை அப்புறப்படுத்தும் திகதிக்கு நேரே இன்னொரு கட்டம் போட்டு, அதில் அந்த இடத்தின் பெயரையும் பரப்பையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தம்பலகாமத்துக் கமக்காரர் ஒருவர்