வலிக்கிற காலும் வலிக்காத காலும்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய எக்ஸ்ரேயையும், இரண்டு பாதங்களையும் சேர்த்து எடுத்த போட்டோவையும் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது கால் பெருவிரல் பக்கத்து விரல் மேல் சாய்ந்துகொண்டு வருகிறது. உள்பக்கம் எலும்பு புடைத்துச் சிவந்திருக்கிறது. துபாயில் பார்த்த டாக்டர் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்கிறார், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் அப்பா என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல் கண்ணு. வலிக்கிறதா, இல்லை பார்க்க நன்றாக இல்லை என்று தோன்றுகிறதா? அகலமான செருப்பு போட்டுக்கொண்டு நடந்தாலும் வலி இருக்கிறதா? இந்த ஆபரேஷனை வலிக்காகவும் நடைக்காகவும் மட்டும்தான் செய்யவேண்டும், அழகுக்காகச் செய்யக்கூடாது என்பது கால் டாக்டர்கள் பொதுவாகச் சொல்வது. எனக்கும் அது சரியென்றே படுகிறது. வலிக்காத பாதத்தில் கத்தி வைத்து, அப்புறம் விரல் மடங்காமல் போனாலோ மரத்துப் போனாலோ யாரைக் கேட்பது?

அந்தப் புடைப்பு புதிதாக முளைத்த எலும்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய் போல. அப்படி இல்லை. பெருவிரலுக்குப் பின்னால் பாதத்துக்குள் ஒரு நீள எலும்பு இருக்கிறது. அது உள்பக்கம் ஒதுங்க, விரல் வெளிப்பக்கம் சாய, இரண்டும் சேருகிற மூட்டுதான் துருத்திக்கொண்டு தெரிகிறது. டாக்டர்கள் இதை ஹேலக்ஸ் வால்கஸ் என்கிறார்கள். அதனால் புடைப்பை மட்டும் செதுக்கி எடுத்தால் போதாது. அது சாய்ந்த தூணை நிமிர்த்தாமல் பூச்சை மட்டும் சுரண்டுகிற வேலை, திரும்ப வந்துவிடும். எலும்பை வெட்டி, நேரான இடத்துக்கு நகர்த்தி, சின்ன ஸ்குரூ போட்டு நிறுத்துவார்கள். கோணல் அதிகமாக இருந்தால் நீள எலும்பின் அடிமூட்டையே ஒட்டவைப்பார்கள். விரல் மூட்டே தேய்ந்துபோயிருந்தால் அந்த மூட்டை ஒட்டவைப்பதும் உண்டு. இந்த ஒரு கோணலுக்கு 100க்கு மேற்பட்ட ஆபரேஷன் முறைகள் எழுதி வைத்திருக்கிறார்கள். எது உனக்கு, ஏன் அது என்று டாக்டர் வாயால் கேட்டுக்கொள். நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொல்கிறாரா என்பதும் முக்கியம், படுத்தபடி எடுத்தால் உண்மையான கோணம் தெரியாது.

ஷூவைப் பற்றி நான் சொன்னால் நீ கேட்டே ஆகவேண்டும். ஆம்பூர் கம்பெனியில் லாஸ்டிங் பிரிவில் நின்ற கை இது. லாஸ்ட் என்கிற அச்சுக்கட்டையின் மேல் தோலை இழுத்து ஒட்டுவோம். அந்த அச்சு எப்படியோ அப்படித்தான் ஷூ. கூர்முனை லேடீஸ் மாடல் லாஸ்டைக் கையில் எடுத்தாலே தெரியும், ஐந்து விரலுக்கு அதில் இடமே கிடையாது. அதோடு குதிகாலும் உயரமாக இருந்தால் உடம்பு பாரம் முழுக்க முன்னால் சரிந்து அந்த இடுக்கில் விரல்களைத் தள்ளும். இந்தக் கோணல் நம் குடும்பத்து எலும்பு. உன் பாட்டிக்கு ஷூவே கிடையாது, அவளுக்கும் இருந்தது. ஆனால் இருக்கிற கோணலை வளர்ப்பதும் வலிக்க வைப்பதும் அந்த ஓட்டல் கவுன்டரில் நாள் முழுக்க நீ போட்டு நிற்கிற ஷூதான்.

சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது ஒரு வெள்ளைத்தாளில் ஏறி நின்று, மாப்பிள்ளையைப் பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு போடச் சொல். அந்தத் தாள்மேல் உன் ஆபீஸ் ஷூவை வை. கோடு ஷூவுக்கு வெளியே எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு தூரம் உன் விரல்களை நீ நசுக்குகிறாய். மேனேஜரிடம் டாக்டர் சீட்டைக் காட்டி முனை அகன்ற, குதி தாழ்ந்த ஷூவுக்கு அனுமதி வாங்கு. சில மாதம் அதில் நடந்து பார். விரலுக்கு நடுவில் வைக்கிற சிலிக்கான் துண்டு உரசலைக் குறைக்கும், வாங்கிக்கொள். பெரியவர்களுக்கு அது விரலை நிமிர்த்திவிடாது, இரவில் கட்டுகிற பட்டையும் அப்படித்தான். ஆன்லைனில் எவனாவது நிமிர்த்தித் தருகிறேன் என்றால் பணம் கொடுக்காதே.

இப்போது அம்மாவின் கால். உன் காலைப் பற்றி நான் இவ்வளவு நிதானமாக எழுத முடிவதே அம்மாவின் காலைப் பார்த்ததால்தான்.

உன் கால் வலித்தால் உனக்குத் தெரியும், அதனால் அது காத்திருக்கும். அம்மாவின் கால் வலிக்கவே இல்லை. இடது பாதம் ஒருநாள் சிவந்து, வீங்கி, தொட்டால் சுட்டது. விழவில்லை, முள் குத்தவில்லை, காய்ச்சல் இல்லை. பக்கத்து வீட்டில் சுளுக்கு என்றார்கள், எண்ணெய் தேய்த்து நீவச் சொன்னார்கள். அம்மா அந்தக் காலோடு ரேஷன் கடை வரை போய்விட்டு வந்தாள். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, இனி இந்தக் காலைத் தரையில் ஊன்றக்கூடாது என்றார். சர்க்கரை நோயால் நரம்பு மரத்த பாதத்தில் வருகிற சார்கோட் என்கிற நிலைமை. உள்ளே எலும்பு மெலிந்து நொறுங்கிக்கொண்டிருக்கும், நோயாளிக்கு வலி அவ்வளவாகத் தெரியாது. நடக்க நடக்கப் பாதத்தின் வளைவு கீழே இறங்கி, உள்ளங்கால் கீழ்ப்பக்கம் புடைத்துவிடும். அப்புறம் அந்த இடத்தில் புண், சீழ், கடைசியில் காலையே எடுக்கிற நிலைமை. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில்கூட ஒன்றும் தெரியாமல் இருக்கலாம், சூட்டை வைத்தும் எம்.ஆர்.ஐ. எடுத்தும் கண்டுபிடிக்கிறார்கள்.

பாதத்தோடு ஒட்டிய மாவுக்கட்டு போட்டு, சூடு தணியும்வரை மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப மாற்றினார்கள். இப்போது கட்டு எடுத்தாகிவிட்டது. இரண்டு பாதமும் ஒரே சூட்டில் இருக்கின்றன. வளைவு கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் எலும்பு எங்கும் குத்தவில்லை, அதனால் ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். எலும்பு துருத்திப் புண் வந்தால்தான் அதைச் சீவி எடுப்பதோ, கம்பி வைத்து மூட்டுகளை நிறுத்துவதோ.

அந்த மாவுக்கட்டின் கதை நம் ஊரோடு சேர்ந்தது, உனக்கும் தெரியட்டும். 1946இல் பால் பிராண்ட் என்கிற டாக்டர் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரலும் பாதமும் நோயால் தானாக அழுகி விழுவதாக அப்போது எல்லோரும் நம்பினார்கள். வலி தெரியாததால் ஒரே இடத்தில் அழுத்தி அழுத்தி நடந்து அவர்களே அறியாமல் காயப்படுத்திக்கொள்கிறார்கள் என்று அவர் காட்டினார். மாவுக்கட்டுக்குள் வைத்து அழுத்தத்தை எடுத்தால் பல நாள் புண்ணும் ஆறியது. பாதம் தொங்கிப்போனவர்களுக்குக் கணுக்காலின் உள்பக்கத்துத் தசைநாணை முன்பக்கம் கொண்டுவந்து தைத்து, பாதத்தை மறுபடி தூக்க வைக்கிற ஆபரேஷன் காட்பாடி பக்கம் கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருக்கு நடந்திருக்கிறது. 1960களில் அவர் அமெரிக்கா போனபோது அந்தக் கட்டு முறையையும் கொண்டுபோனார். தொழுநோயாளிக்குப் போட்ட கட்டு இன்று சர்க்கரை நோயாளியின் காலைக் காப்பாற்றுகிறது. அம்மா இப்போது போட்டிருக்கிற எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பும் அந்த வழியில் வந்ததுதான். வீட்டுக்குள்ளும் அதைக் கழற்ற விடுவதில்லை. தினமும் ராத்திரி டார்ச் அடித்து அவள் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்க்கிறேன். காலையில் செருப்புக்குள் கையை விட்டுக் கல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே போட்டுக்கொள்ளக் கொடுக்கிறேன்.

பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போகவேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். 14 கிலோமீட்டர் வெறுங்காலில். நம் வெயிலுக்குக் கோயில் கல்லில் கொப்புளம் வந்தால்கூட அவளுக்குத் தெரியாது. ஆட்டோவில் சுற்றிவரலாம், எட்டு லிங்கத்திடமும் இறங்கிச் செருப்போடு வெளியே நின்று கும்பிடலாம் என்று சொல்லியிருக்கிறேன். சம்மதித்த மாதிரி தலையாட்டுகிறாள். நீயும் போனில் ஒருமுறை சொல், உன் பேச்சைக் கேட்பாள்.

சித்தப்பாவின் குதிகால் வலியைக் கேட்டிருந்தாய். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குத்துகிறதே, அதுதான். எக்ஸ்ரேயில் எலும்பு முள் தெரிகிறது என்று பயந்துவிட்டான். அந்த முள் வலியே இல்லாத பல பேருக்கும் இருக்கும். பத்தில் ஒன்பது பேருக்கு ஒரு வருஷத்துக்குள் ஆபரேஷன் இல்லாமலே சரியாகிவிடும். கெண்டைக்கால் நீட்டுகிற பயிற்சியைச் செய்கிறான், டைல்ஸ் தரையில் வெறுங்காலில் நடப்பதை நிறுத்தியிருக்கிறான். குறைந்திருக்கிறது.

உன் விஷயத்துக்கு வருகிறேன். நல்ல ஷூவில் சில மாதம் நடந்தும் வலி போகவில்லை என்றால் தயங்காமல் செய்துகொள், நான் தடுக்கமாட்டேன். ஆனால் அது அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிற ஆபரேஷன் என்பதால் சின்ன விஷயம் என்று நினைக்காதே. சுமார் 6 வாரம் குதிகாலில் பாரம் தாங்குகிற தனிச் செருப்பில்தான் நடை. வலது கால் என்பதால் அதுவரை கார் ஓட்ட முடியாது. நின்று செய்கிற வேலைக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும், வீக்கம் முழுக்க வடிய ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருஷம்கூட. முதல் இரண்டு வாரம் பெரும்பாலும் கால் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கவேண்டும். லீவு எவ்வளவு கிடைக்கும் என்று தெரிந்துகொண்டுதான் தேதி கேட்கவேண்டும். புகை எலும்பு கூடுவதைக் கெடுக்கும், மாப்பிள்ளை வீட்டுக்குள் பிடிப்பதை இப்போதே நிறுத்தட்டும்.

இங்கே வந்து செய்துகொள்வதானால் மார்கழி, தையில் வா. சித்திரை வெயிலில் கட்டோடு படுத்திருப்பது கொடுமை. ஆபரேஷன் முடிந்த கையோடு விமானம் ஏறக்கூடாது, காலில் ரத்தம் கட்டுகிற ஆபத்து உண்டு. எத்தனை வாரம் கழித்துப் போகலாம் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு டிக்கெட் போடு. கீழ் அறையை உனக்குக் காலி செய்கிறேன். அங்கே வெஸ்டர்ன் டாய்லெட் வைக்கக் கொத்தனாரிடம் பேசியாகிவிட்டது, அது அம்மாவுக்கும் தேவைதான். சமையலை நான் பார்த்துக்கொள்வேன்.

நின்றபடி எடுத்த எக்ஸ்ரேதானா என்று கேட்டு, பென்சில் கோடு போட்ட தாளையும் போட்டோ எடுத்து இந்த வாரமே அனுப்பு. ஷூ வாங்குவதற்கு முன்னால் உள்பக்க அகலத்தை எனக்குச் சொல்லிவிட்டு வாங்கு.

மாப்பிள்ளைக்கு என் அன்பு.

அப்பா
குடியாத்தம்