பாப்பா கல்யாணத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும்,

இங்கே எல்லாரும் நலம். லண்டனில் நடக்கப்போகும் நம் பாப்பா கல்யாணத்துக்கு நீங்கள் அனுப்பிய பட்டியல் கிடைத்தது. 340 பேர். பாளையங்கோட்டையில் நடக்கிற கல்யாணத்துக்கு இது அதிகமே இல்லை. அங்கே ஒரு பந்தி எழுந்தால் அடுத்த பந்தி உட்காரும், நூறு பேர் கூடுதலாக வந்தால் சமையல்காரர் இன்னொரு அண்டா சோறு வடிப்பார். இங்கே அது நடக்காது. ஏன் நடக்காது, எப்படிக் குறைப்பது, யார் மனமும் நோகாமல் அதை எப்படிச் சொல்வது என்று விவரமாக எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியில் வேறு பேச்சு வந்துவிடுகிறது.

முதலில் மண்டபம். பிள்ளைகள் பார்த்து வைத்திருக்கும் ஹாலுக்குத் தீப் பாதுகாப்புக் கணக்கில் 80 பேர்தான் அனுமதி. அந்த 80இல் கைக்குழந்தையும் ஒரு தலை, பரிமாற வருகிறவரும் ஒரு தலை. அதனால் விருந்தாளிகளை எண்ணும் முன்பே வேலைக்கு வருகிறவர்களைக் கழித்துவிட வேண்டும். புரோகிதரும் அவருடைய உதவியாளரும் 2, நாதஸ்வரம் தவில் 2, போட்டோ வீடியோ 3, பரிமாற 5. ஆக 12 போனால் மீதி 68. கடைசி நேரத்துக்கென்று 4 இடம் விட்டால் 64. பொண்ணு மாப்பிள்ளை போக 62. இந்த 62தான் நம் கையில் இருப்பது. சம்பந்தி வீட்டில் பேசி, நமக்கு 24, அவர்களுக்கு 24, பிள்ளைகளின் நண்பர்களுக்கு 14 என்று பிரித்திருக்கிறோம். இந்தப் பங்கை ஒரு பெயரும் பேசுவதற்கு முன்னால் முடிவு செய்தது நல்லதாய்ப் போயிற்று. பெயர்களை எழுதத் தொடங்கிய பிறகு பங்கு பேசினால், ‘உங்கள் சித்தப்பாவா எங்கள் மாமாவா’ என்ற இடத்தில் வந்து நிற்கும்.

சின்னக் கல்யாணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் ஒரே தவறுதான்: ஆள் ஆளாக வெட்டுவது. 340 பெயரையும் வைத்துக்கொண்டு, இவர் வேண்டும், அவர் வேண்டாம் என்று பேனாவால் அடித்துக்கொண்டு போனால், அடிபட்ட ஒவ்வொருவருக்கும் ‘ஏன் நான்’ என்ற கேள்வி இருக்கும். அதற்கு நம்மிடம் பதில் இருக்காது. உறவை வட்டம் வட்டமாகப் பிரித்து, ஒரு வட்டம் முழுவதும் உள்ளே, இல்லாவிட்டால் முழுவதும் வெளியே என்று வைத்தால் பதில் தானாக இருக்கிறது. நாலு பேர் கூடப்பிறந்த இடத்தில் மூன்று பேரைக் கூப்பிட்டு ஒருவரை விடுவதைப் போல ஒரு குடும்பத்தைப் பிரிக்கிற காரியம் வேறில்லை. நாலு பேரையும் விட்டால் வருத்தம் ஒரு வாரத்தில் ஆறிவிடும்.

முதல் வட்டத்தில் சடங்கில் கை வைக்க வேண்டியவர்கள். தாரை வார்க்க நீங்கள் இருவரும். மாலை எடுத்துக் கொடுக்கத் தாய்மாமனும் அவர் வீட்டம்மாவும். பொரியிடப் பொண்ணுக்கு அண்ணன், அவன் மனைவி. அந்தப் பக்கம் மூன்றாம் முடிச்சுப் போட நாத்தனார். இவர்கள் இல்லாமல் கல்யாணம் இல்லை, ஆகவே இதில் பேச்சே இல்லை. இரண்டாம் வட்டம், உங்கள் இருவருடைய கூடப்பிறந்தவர்களும் அவரவர் துணைகளும். பெரியண்ணன் மதினி 2, மதினியின் தங்கை குடும்பத்தில் 2, இங்கே நாங்கள் பிள்ளைகளோடு 4. இதுவரை 14.

மூன்றாம் வட்டத்தில்தான் நமக்குச் சிக்கல். பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா பிள்ளைகள் ஊரில் மட்டும் 11 குடும்பம், குழந்தைகளோடு 43 பேர். நம் பங்கில் மீதி இருப்பதோ 10. அதனால் அந்த வட்டம் முழுவதும், கல்யாணத்துக்குப் பிறகு நம் ஊரில் வைக்கும் வரவேற்புக்கு. ஆனால் அதே முறையில் உள்ள இரண்டு குடும்பங்கள் இங்கிலாந்திலேயே இருக்கின்றன, பர்மிங்காமில் 4 பேர், ஹாரோவில் 3 பேர். அவர்களைக் கூப்பிடலாமா? கூப்பிடலாம் என்பதுதான் என் அபிப்பிராயம். ‘கடல் தாண்டி வருகிறவர்களில் கூடப்பிறந்தவர்கள் வரை, இந்த நாட்டில் இருப்பவர்களில் அடுத்த வட்டம் வரை’ என்பதும் ஒரு விதிதான். ஊரில் யாரிடம் சொன்னாலும் தலையாட்டி ஏற்றுக்கொள்வார்கள். நேற்றுவரை விசேஷத்துக்கு விசேஷம் நம்மோடு நின்றவர்களை இங்கே விட்டுவிட்டு, அந்த இடத்தில் ஊரிலிருந்து ஒருவரை டிக்கெட் போட்டு வரவழைத்தால் அதைத்தான் ஏற்க மாட்டார்கள். 14உடன் 7 சேர்ந்து 21.

மீதி 3 இடத்தை நிரப்ப வேண்டாம் அண்ணா. வயதான ஒருவருக்குத் துணை ஆள் தேவைப்படும், யாரோ ஒருவர் வரனைப் பேசி முடித்து மருமகனோடு வந்து நிற்பார். காலியாக வைத்த இடம் கடைசி மாதத்தில் எப்படியும் வேலைக்கு வரும்.

மொய்க் கணக்கைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நாம் செய்த வீடுகள் நமக்குத் திருப்பிச் செய்ய வேண்டாமா என்ற உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் அந்த நோட்டை வைத்து லண்டன் பட்டியலைப் போட்டால், பெரிய மொய் செய்தவர் உள்ளே, கூடப்பிறந்தவர் வெளியே என்று ஆகிவிடும். மொய் நோட்டு ஊர் வரவேற்புக்கு உரியது. அந்த 340 பேரும் அங்கே வரட்டும், இலை போட்டு நன்றாகவே செய்யலாம். பொண்ணும் மாப்பிள்ளையும் புரட்டாசி பிறக்கும் முன் பத்து நாள் லீவு போட்டு வரச் சம்மதித்திருக்கிறார்கள். வரவேற்புத் தேதியை நீங்கள் இப்போதே முடிவு செய்து மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள். ‘லண்டனில் முகூர்த்தம் மட்டும், விருந்து நம்ம ஊரில் இந்தத் தேதியில்’ என்று நாளோடு சொன்னால் அது அழைப்பு. நாள் இல்லாமல் ‘பிறகு ஊரில் வைப்போம்’ என்றால் கேட்கிறவர்களுக்கு அது தட்டிக்கழிப்பாகத்தான் படும்.

இந்த ஊர்ச் சட்டப்படி இன்னொரு சின்னப் பட்டியலும் இருக்கிறது. ஹாலில் தாலி கட்டுவது மட்டும் இங்கே பதிவான திருமணம் ஆகாது. பதிவு அலுவலகத்தில் தனியாகச் செய்ய வேண்டும். அதற்கு இருவரும் முன்கூட்டியே நேரில் போய் அறிவிப்புக் கொடுத்து 28 நாள் காத்திருக்க வேண்டும். பாப்பா வேலை விசாவில் இருப்பதால் இருவரும் சேர்ந்து அதற்கென்று குறிக்கப்பட்ட அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும், உள்துறை கேட்டால் அந்த 28 நாள் 70 வரை நீளலாம். அறிவிப்பு 12 மாதம் செல்லும் என்பதால் ஏப்ரலிலேயே கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். பதிவுக்குச் சாட்சி இருவர் போதும். எளிய பதிவுக்கான அறை மிகச் சிறியது, சில இடங்களில் சாட்சிகளோடு இன்னும் ஓரிருவர்தான் நிற்க முடியும். அங்கே மந்திரமோ சாமிப் பாட்டோ கூடாது. ஆகவே அதற்கு இரண்டு பக்கத்துப் பெற்றோர், அவர்களிலேயே இருவர் சாட்சி, அவ்வளவுதான். அந்த நாள் படத்தை யாரும் வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். ஊரில் அதைப் பார்த்துவிட்டு ‘கல்யாணமே முடிந்துவிட்டதாமே’ என்று பேசுவார்கள்.

ஊரிலிருந்து வருகிறவர்கள் 10 பேர். அவர்கள் பெயர்தான் முதலில் முடிவாக வேண்டும், இங்குள்ளவர்கள் பெயர் பிறகு. வருகையாளர் விசாவுக்குப் பயணத்துக்கு மூன்று மாதத்துக்கு முன்னால்தான் விண்ணப்பிக்க முடியும், முடிவு வரச் சாதாரணமாக மூன்று வாரம். கட்டணம் 2025 ஏப்ரலில் 127 பவுண்டாக ஆனது. அந்தக் கணக்கில் 10 பேருக்கு 1,270 பவுண்ட், டிக்கெட் தனி. இதனால்தான் ‘இன்னும் நாலு பேர்’ என்று நீங்கள் சொல்லும்போது எனக்குத் திக்கென்றது. விசா கிடைக்காதவர் இடத்தை உடனே வேறொருவருக்குக் கொடுக்காமல் இரண்டு வாரம் வைத்திருப்போம். மறுபடி விண்ணப்பிக்க நேரம் இருந்தால் அது அவருடைய இடம்தான்.

நாள் ஆவணியில் ஒரு ஞாயிறு. ஆகஸ்ட் கடைசித் திங்கள் இங்கே பொது விடுமுறை, அதற்கு முந்தைய நாள். தூரத்திலிருந்து வருகிறவர்கள் மறுநாள் வேலைக்கு ஓட வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாள வேலை என்று ரயில்களை நிறுத்துவது இங்கே வழக்கம், ஆகவே பர்மிங்காம்காரர்களை முதல் நாளே வரச் சொல்ல வேண்டும். விடியற்காலை முகூர்த்தம் முடியாது. ஹால் திறப்பதே 8 மணிக்கு, மணை போட்டு அலங்காரம் செய்ய ஒன்றரை மணி நேரம். 10க்கு மேல் முகூர்த்தம் பார்க்கச் சொல்லுங்கள், ராகு காலம் அன்று மாலையில்தான். ஹோமப் புகையால் மேலே உள்ள தீ அலாரம் அடிக்காமல் இருக்க ஹால்காரர் அதை முன்கூட்டியே நிறுத்தி வைக்க வேண்டும், அதை எழுத்தில் கேட்டிருக்கிறோம்.

சாப்பாட்டுக் கணக்கில் மதினி கேட்ட சந்தேகம்: ஆள் குறைந்தால் செலவும் அதே அளவு குறையுமா? குறையாது. ஹால், புரோகிதர், போட்டோ, மணவறை இவற்றுக்கு 40 பேரும் 64 பேரும் ஒன்றுதான். குறைவது இலைச் செலவு, தாம்பூலப் பை, நாற்காலி. சமையல்காரர்களும் ஒரு கீழ்வரம்பு வைத்திருப்பார்கள். 50 என்று பேசிவிட்டால் 38 பேர் வந்தாலும் 50 இலைக்குப் பணம். அதற்குக் கீழே வெட்டி மனத்தாங்கல் சம்பாதிப்பதில் காசும் மிஞ்சாது. அவரிடம் சொல்ல வேண்டிய எண்ணிக்கை 64 அல்ல, 76. வேலைக்கு வந்த 12 பேரும் சாப்பிட வேண்டுமே, பலர் இதைத்தான் மறந்துவிட்டுக் கடைசிப் பந்தியில் பாயசம் இல்லாமல் நிற்பார்கள். ஆளுக்கு 100 கிராம் அரிசி என்றால் ஏழரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே.

இலை போட்டே பரிமாறப் போகிறோம். ஆறு அடி நீள மேஜையில் ஒரு பக்கம் மட்டும் மூன்று பேர், எதிர்ப்பக்கம் பரிமாறுகிறவர் நடக்க. இரண்டு பந்தியாக 32 பேர் வீதம் உட்கார்ந்தால் 11 மேஜை போதும். ஒரே பந்தி என்றால் 22 வேண்டும், அதைப் போட்டால் மணவறைக்கு இடம் இருக்காது.

பத்திரிகை இரண்டு விதமாக அடிக்க வேண்டும். ஊர் வரவேற்புக்கு நம் வழக்கப்படி ‘சுற்றமும் நட்பும் சூழ’ என்று தாராளமாகப் போடுங்கள். லண்டன் அழைப்பில் அந்த வரி வேண்டாம். உறைமேல் ‘குடும்பத்துடன்’ என்று எழுதாமல் வருகிற ஒவ்வொருவர் பெயரையும், குழந்தை உட்பட, எழுத வேண்டும். லண்டன் அழைப்பின் படத்தைக் குடும்பக் குரூப்பில் போட்டுவிடாதீர்கள் அண்ணா. ஒருமுறை அது கைமாறினால் பார்த்தவர் எல்லாரும் அழைக்கப்பட்டவர்கள், அதன்பின் அவர்களை வர வேண்டாம் என்று யார் சொல்வது?

அழைப்பு ஜூலை தொடக்கத்தில் போகும், பதில் ஆகஸ்ட் 1க்குள். சமையல்காரருக்கு இறுதி எண்ணிக்கை ஆகஸ்ட் நடுவில். பிள்ளைகளோடு வேலை செய்யும் வெள்ளைக்காரர்கள் வர முடியாவிட்டால் ‘முடியாது’ என்று மறுநாளே எழுதிவிடுவார்கள், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. போட்ட நேரத்துக்குக் கால் மணி முன்னால் வந்து உட்கார்ந்தும் விடுவார்கள். நம்மவர்கள் ‘பார்க்கலாம், வரப் பார்க்கிறோம்’ என்பார்கள். அந்தப் பதிலை வருகிறார் என்றும் எண்ண முடியாது, வரவில்லை என்றும் எண்ண முடியாது. ஆகஸ்ட் முதல் வாரம் நானே ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, எத்தனை இலை என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். யாராவது வராமல் இடம் விழுந்தால், அடுத்த வட்டத்தில் ஒருவரை மட்டும் தூக்கி உள்ளே வைக்க வேண்டாம். பிள்ளைகளின் நண்பர்களுக்கு அந்த இடம் போகட்டும், அங்கே முறை பார்க்கிறவர்கள் இல்லை.

இனி உங்களிடம் கேட்பது. 11 குடும்பங்களுக்கும் பத்திரிகை போகும் முன்பே நீங்களும் மதினியும் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். பெரியவர்கள் இருக்கிற வீடு முதலில். நம் பக்கத்தை நாம்தான் சொல்ல வேண்டும், பாப்பாவைச் சொல்ல விடக் கூடாது. ‘இடம் சின்னது’ என்று ஹால் மேல் பழி போடாமல், கூடப்பிறந்தவர்கள் வரை என்று முடிவு செய்திருக்கிறோம் என்று உள்ளதைச் சொல்லுங்கள். கூடவே ஊர் வரவேற்பு நாளையும், அந்த வீட்டுக்கு அன்று என்ன பொறுப்பு என்பதையும் சொல்லுங்கள். ஒருவருக்கு வரவேற்பு, ஒருவருக்குப் பந்தி, ஒருவருக்குத் தாம்பூலம் என்று கையில் வேலை கொடுத்தால் அந்தக் கல்யாணம் அவர்களுடையதாகவும் இருக்கும். எனக்கு அது மிகவும் முக்கியம் அண்ணா. நாம் ஆளாவதற்குத் தோள் கொடுத்தவர்கள் அவர்கள்.

அந்த 10 பேர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, இனிஷியல் விரிவோடு, இந்த மாதக் கடைசிக்குள் எனக்கு வேண்டும். மதினியின் தம்பி பாஸ்போர்ட் எப்போது காலாவதி ஆகிறது என்று இன்றே கேட்டுவிடுங்கள். புதுப்பிக்க வேண்டியிருந்தால் மே மாதத்துக்குள் கையில் வந்துவிட வேண்டும், பழையதையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்
உங்கள் தங்கச்சி