பியானோவுக்கு பல்பு, தப்புக்கு ஒரு பிடி நெருப்பு இல்லையா?

அரங்கக் குழுவின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் குன்னூர் பியானோ வாத்தியாரின் வணக்கம்.

டிசம்பர் 6 மாலை நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. நீங்கள் எல்லோரும் முன்வரிசையில்தான் இருந்தீர்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்று. அதே நிகழ்ச்சியை அதே மேடையில் மறுபடி நடத்த ஒரு தேதி கொடுங்கள். இந்த முறை தப்புப் பறை அடிக்கும் பையன் மேடையின் முன்பக்கம், என் அருகில் நிற்கட்டும்.

அன்று அவன் மூன்று மணிக்கே வந்துவிட்டான். தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து தேயிலைக்குள் இறங்கும் ஒற்றையடிப் பாதையில், ஸ்வெட்டரைக் கழற்றித் தப்பைச் சுற்றிக்கொண்டு, தான் நனைந்தபடி நடந்து வந்தான். நம் ஊர் மழைக்காலத்தில் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும், காய்ச்சினால்தான் பேசும். வண்டிகள் நிற்கும் இடத்தைத் தாண்டி, சிமென்ட் தரையில் ஒரு பிடி வைக்கோலைக் கொளுத்தினான். காவலாளி வாளித் தண்ணீரை ஊற்றி அணைத்தார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை, சொன்னதைச் செய்தார். அப்புறம்தான் “அது சாவு வீட்டுக் கொட்டு சார், திரைக்குப் பின்னால் இருந்து அடிக்கட்டும், சத்தம் கேட்டால் போதாதா” என்று எனக்குச் சொல்லப்பட்டது.

நாற்பது நிமிடம் அவன் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று, உள்ளங்கையால் தோலைத் தேய்த்துச் சூடேற்றப் பார்த்துக்கொண்டிருந்தான். வாசித்துக்கொண்டே நான் அதைப் பார்த்தேன். அவன் முறை வந்தபோது தப்பு, ஈரச் சாக்கை அடித்த மாதிரி ஒலித்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அதே மேடையில் இருக்கும் பியானோவுக்குள் இரவும் பகலும் ஒரு பல்பு எரிகிறது. கட்டைகள் ஈரத்தில் உப்பக் கூடாது, கம்பிகள் துருப்பிடிக்கக் கூடாது என்பதற்காக. அந்தக் கரண்டுக் காசைக் குழு முணுமுணுக்காமல் கட்டுகிறது, நன்றி. மரத்துக்கும் கம்பிக்கும் குளிரும் என்று தெரிந்தவர்களுக்கு, தோலுக்கும் குளிரும் என்பது மட்டும் தெரியவில்லை.

நாம் அன்று யாருடைய பிறந்தநாளைக் கொண்டாடினோம் என்பதாவது நினைவிருக்கிறதா? ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக். 1920 டிசம்பர் 6-இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். அப்பா மாட்டுப் பண்ணைக்காரர், அம்மா பியானோ ஆசிரியை. அப்படியிருந்தும் பையனுக்கு நொட்டேஷன், அதாவது எழுதிவைத்த இசைக்குறிப்பு, படிக்க வராது. எங்கும் பியானோ சொல்லித்தர மாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் கல்லூரியே பட்டம் கொடுத்தது. நம் பையனுக்கும் நொட்டேஷன் வராது. ஆனால் புரூபெக் 1959 இசைத்தட்டில் வைத்த அந்த ஒன்பது அடிக் கணக்கு – ‘தக தக தக தகிட’ என்று மூன்று தடவை, நாலாவது தடவை ‘தகிட தகிட தகிட’ – இரண்டே முறை கேட்டுவிட்டுத் தப்படிக்கும் சிண்டுக்குச்சியில் பிடித்துவிட்டான். அந்தத் தாளம் புரூபெக்குக்குக் கிடைத்ததும் ஏதோ சபாவில் அல்ல. 1958 பயணத்தில் இஸ்தான்புல் தெருவில் வாசித்தவர்களிடம் கேட்டது.

அந்தப் பயணத்தில் மதராஸுக்கும் வந்தார். அமெரிக்க அரசே செலவு செய்து, சுதந்திரத்தின் அடையாளமாக ஊர் ஊராக அனுப்பிவைத்த குழு. கிளம்புவதற்குச் சில நாள் முன்னால் வட கரோலினாவில் ஒரு கல்லூரி, குழுவில் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் வாசிக்கும் யூஜீன் ரைட் கறுப்பர் என்று மேடையேற்ற மறுத்தது. அவர் இல்லாமல் வாசிக்க மாட்டேன் என்றார் புரூபெக். காத்திருந்த மாணவர்கள் காலால் தரையை உதைத்தார்கள். கடைசியில் அனுமதி வந்தது, ரைட் பின்னால் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. மேடையேறியதும் புரூபெக் ரைட்டை முன்னால் அழைத்துத் தனி வாசிக்கவைத்தார். 1960-இல் தென் மாநிலங்களில் ஒத்துக்கொண்டிருந்த 25 கல்லூரிக் கச்சேரிகளில் பெரும்பாலானவை ரைட் வேண்டாம் என்றதும், வருமானம் போனாலும் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

இவருடைய படத்துக்குத்தான் மாலை போட்டோம். அதே டிசம்பர் 6 அம்பேத்கரின் நினைவு நாளும்கூட என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மே மாதம் வந்தால் எல்லாம் தலைகீழ். கோடை விழாவில் மேளம் வேண்டும், கொம்பு வேண்டும், அமைச்சர் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்க மலை மக்களின் உடுப்பும் வேண்டும். அப்போது ‘மண்ணின் கலை’. மழைக்காலத்தில் மட்டும் சாவுக் கொட்டு. சீசனுக்கு வரும் கேரட்டுக்குக் கூட இங்கே இதைவிட நிலையான மரியாதை உண்டு. மன்னிக்கவும், எங்கோ போய்விட்டேன்.

உங்களைக் கேட்பதற்கு முன்னால் என்னைக் கேட்க வேண்டும். புரூபெக் வாசிக்க மாட்டேன் என்றார். நான் சொல்லவில்லை. கடைசிக் கட்டைவரை வாசித்து, கைதட்டலையும் வாங்கிக்கொண்டேன். மறுநாள் வகுப்புக்கு அவன் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். “இன்னொரு தடவை திரைக்குப் பின்னாடின்னா வரல சார்” என்றான். சரியென்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆகவே அவன் முன்னால் நிற்காத மேடையில் உங்கள் பியானோவை இனி நான் தொடப்போவதில்லை.

தயவுசெய்து ஒரு தேதி கொடுங்கள். எந்தக் கிழமையானாலும் சரி. அரங்கத்துக்கு வெளியே தப்பு காய்ச்ச நாலடி இடம் போதும். வைக்கோல் நாங்களே கொண்டுவருகிறோம். பாதுகாப்புக்கு வாளித் தண்ணீரும் பக்கத்திலேயே இருக்கட்டும், அவன் காய்ச்சி முடிக்கும்வரை யாரும் தூக்காமல்.

பணிவுடன்,
உங்கள் பியானோ வாத்தியார்