2002-க்கு முன்னால் ஹூஸ்டன் இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ‘என் முதல் குவாட்டர்பேக்’ என்று, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவரைப் பற்றி, அமெரிக்கக் கால்பந்துக்கு ஒரு சிறப்புப் பகுதி போட்டிருந்தீர்கள். டல்லாஸ்காரர் ரோஜர் ஸ்டாபாக்கை நினைத்து உருகியிருந்தார். விஸ்கான்சின் அன்பர் பிரெட் ஃபாவ்ரை, கலிஃபோர்னியாக்காரர்கள் ஜோ மொன்டானாவை. எல்லாம் சரி. கடைசிப் பக்கத்து மூலையில் எங்களுக்கும் ஒரு வரி ஒதுக்கியிருந்தீர்கள்: “ஹூஸ்டன் ரசிகர்களுக்கு அவ்வளவு பழைய நினைவுகள் கிடையாது, அவர்கள் கதை 2002-ல் டேவிட் காருடன்தான் தொடங்குகிறது.”

நல்லது. அப்படியானால் 1978-ல் நான் எந்த ஊரில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

2002-ல் வந்தது டெக்சன்ஸ் அணி. அதற்கு முன்னால் எங்களுக்கு ஆயிலர்ஸ் இருந்தது. நான் பார்த்த முதல் குவாட்டர்பேக், அந்த ஆயிலர்ஸின் டேன் பாஸ்டோரினி. அந்த நவம்பரில் ஒரு திங்கள் இரவு எங்கள் மைதானமான ஆஸ்ட்ரோடோமில் மயாமியோடு ஆட்டம். கிரிக்கெட்டைத் தவிர வேறெதுவும் தெரியாத என்னை அறைத்தோழன் இழுத்துக்கொண்டு போனான். நுழையும்போதே கையில் நீலமும் வெள்ளையுமாக ஒரு காகிதக் குஞ்சம் கொடுத்தார்கள். அரங்கம் முழுக்க அதை ஆட்டுகிறார்கள். எதற்கென்று தெரியாமல் நானும் ஆட்டினேன். 35-30 என்று ஜெயித்தோம். பேரெல்லாம் பந்தைச் சுமந்து ஓடும் ஏர்ல் கேம்ப்பெல்லுக்குத்தான், நியாயமும்கூட, நான்கு முறை எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் எடுத்தார். ஆனால் எனக்கு மனதில் நின்றவர் பாஸ்டோரினி. அடி வாங்கி வாங்கி எழுந்திருப்பார். விலா எலும்பு முறிந்து அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒருவர் புதுவகைக் கவச உடையை மாட்டிக்கொண்டு வந்து, கூட வந்தவரை விட்டுத் தன்னை பேஸ்பால் மட்டையால் அடிக்கச் சொல்லிக் காட்டினாராம். அந்தக் கவசத்தைக் கட்டிக்கொண்டு ஆடியவர் அவர். இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் எழுதியதுதான் சுருக்கென்கிறது.

என் மகனுக்கு முதல் குவாட்டர்பேக் வாரன் மூன். 1978-ல் ரோஸ் பவுல் என்ற கல்லூரி ஆட்டத்தில் சிறந்த ஆட்டக்காரர் பரிசு வாங்கிய மனிதரை அந்த ஆண்டு, தொழில்முறை அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஒரு அணிகூடத் தொடவில்லை. கறுப்பினத்தவர் குவாட்டர்பேக்காக ஆடுவதா என்ற காலம் அது. குவாட்டர்பேக் தவிர வேறு நிலையில் ஆட மாட்டேன் என்று கனடாவுக்குப் போய், எட்மன்டனில் வரிசையாக ஐந்து முறை அந்த நாட்டு லீகின் கிரே கோப்பை வாங்கிவிட்டு, 1984-ல் எங்களிடம் வந்தார். 2006-ல் கால்பந்துச் சாதனையாளர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்த முதல் கறுப்பின குவாட்டர்பேக்கும் அவரே. ஞாயிற்றுக்கிழமை பியர்லாண்ட் மீனாட்சி கோயிலில் தீபாராதனை முடிவதற்குள் என் மகன் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவான், பகல் பன்னிரண்டுக்கு ஆட்டம் என்பதால். அர்ச்சகர் எதுவும் சொல்ல மாட்டார். அவருக்கும் ஸ்கோர் வேண்டும்.

1993 ஜனவரி 3, பஃபலோ. அதைச் சொல்லாமல் தப்பிக்க முடியாது. 35-3 என்று முன்னால் இருந்து 41-38 என்று தோற்றோம். அன்று மூன் எறிந்தது நான்கு டச்டவுன், 371 கெஜம். 32 புள்ளி முன்னிலையைக் கோட்டைவிட்டது தடுப்பாட்டக்காரர்கள். கூடுதல் நேரத்தில் அவர் எறிந்த ஒரு பந்து எதிராளி கைக்குப் போனதுதான் ஊருக்கு ஞாபகம். நான் வாய்விட்டு ஏதோ சொன்னேன். பையன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், “அவரைத் திட்டாதீங்கப்பா” என்றான். முதுகில் மூனின் எண்ணான 1 போட்ட சட்டையைக் கழற்றவே இல்லை, அதோடேயே தூங்கினான். இவனிடம் போய் உன் நினைவு 2002-ல் தொடங்குகிறது என்று சொல்லிப் பாருங்கள்.

அணியின் முதலாளி பட் ஆடம்ஸ் என்ன செய்தார் என்பதும் ஊரறிந்த கதை. ஊரை விட்டுப் போய்விடுவேன் என்று மிரட்டி, மக்கள் வரிப்பணத்தில் ஆஸ்ட்ரோடோமில் கூடுதல் இருக்கை போட வைத்தார். அதற்காக அந்த ராட்சச ஸ்கோர்போர்டையே பிடுங்கி எறிந்தார்கள். அப்புறம் புது மைதானம் வேண்டும் என்றார். கடைசியில் 1996 சீசன் முடிந்ததும் டென்னசிக்கு மூட்டை கட்டினார். எங்கள் சாதனைக் கணக்கு, எங்கள் இளநீலம், எல்லாம் அவரோடு போனது. மூனின் எண்ணை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று 2006-ல் அதற்கு ஓய்வு கொடுத்து விழா எடுத்தது எங்கே? டென்னசித் தலைநகர் நாஷ்வில்லில்! அந்த ஊர் அணிக்காக அவர் ஒரு நாளும் ஆடியதில்லை. 2023 டிசம்பரில், அங்கே போய் டைட்டன்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட அந்த அணியினர் எங்கள் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு எங்கள் டெக்சன்ஸோடேயே மோதினார்கள். 19-16 என்று தோற்றார்கள், அது வேறு விஷயம்.

டேவிட் காரைக் குறை சொல்லவில்லை, பாவம். முதல் சீசனிலேயே 76 முறை அவரைக் கீழே தள்ளினார்கள். ஆனால் அவர் வந்தபோது என் தலை நரைத்திருந்தது.

உண்மையில் இது கால்பந்தோடு நிற்கும் விஷயமில்லை. நியூஜெர்சியில் யார் வீட்டில் கொலு வைத்தாலும் இரண்டு பக்கம் கிடைக்கிறது. எங்கள் பொங்கல் விழாப் படத்தை ஒருமுறை வெளியிட்டீர்கள், ‘டல்லாஸ்’ என்று போட்டு. ஹூஸ்டன்காரனிடம் அதைவிடப் பெரிய வார்த்தை சொல்ல முடியாது. கடிதம் எழுதினேன், பதில் இல்லை. சந்தா புதுப்பிக்கச் சொல்லி மட்டும் நினைவூட்டல் தவறாமல் வருகிறது. புதுப்பித்துக்கொண்டும் இருக்கிறேன்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம். அதில் பாஸ்டோரினி, மூன் என்ற இரண்டு பெயர்கள். இடமிருந்தால் மூனின் படம், தபால்தலை அளவில் போதும். ஹெல்மெட்டில் ஆயிலர்ஸ் சின்னமான எண்ணெய்க் கிணற்றுக் கோபுரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நாஷ்வில் விழாவில் எடுத்த படம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு பழைய ஆயிலர்ஸ் ரசிகன்,
ஹூஸ்டன் (டல்லாஸ் அல்ல)