அந்த டிரான்ஸ்ஃபார்மரை இனித் தொடாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நீ வாட்சப்பில் அனுப்பிய வீடியோவை அப்பாவும் நானும் பார்த்தோம். பலகை முழுக்க மின்னல் கிளை பிரிந்தாற்போல் கருகியிருந்த கோலம் அழகாகத்தான் இருந்தது, மறுக்க மாட்டேன். ஆனால் என் கண் போனது உன் கைமேல். இரண்டு கையிலும் கிளிப், மேசையெல்லாம் வழிந்து கிடக்கும் ஆப்ப சோடாத் தண்ணீர், பக்கத்தில் பழைய மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து கழற்றிய டிரான்ஸ்ஃபார்மர். ஈரப் பலகையில் ஹை வோல்டேஜ் கரண்டைப் பாய்ச்சி நீ கோலம் சுடுகிறாய் என்று புரிந்ததும் எனக்கு நெஞ்சு பதறிப்போச்சு.

பினாங்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் பவர் சப்ளை டெஸ்டிங்கில் நான் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். அங்கே சாமானுக்கு ஹை வோல்டேஜ் ஏற்றும்போது இரண்டு கையும் இரண்டு பட்டனை அழுத்தியபடி இருக்க வேண்டும். ஒரு கையை எடுத்தாலும் கரண்டு நின்றுவிடும். புதிதாக வரும் பெண்கள், "இப்படிச் செய்தா எப்படிக்கா வேலை ஓடும்?" என்று சலித்துக்கொள்வார்கள். கை வேறெங்கும் போய்விடக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. உன் மேசையில் அது இல்லை.

"ரூம்ல இஎல்சிபி இருக்கும்மா, ட்ரிப் ஆகிடும்" என்பாய். கரண்டு கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்தான் அது, ஆனால் இந்த வேலைக்கு உதவாது, அய்யா. லைவில் போன கரண்டு நியூட்ரலில் முழுசாகத் திரும்புகிறதா என்பதை மட்டும்தான் அது பார்க்கும். டிரான்ஸ்ஃபார்மரின் மறுபக்கச் சுருளிலிருந்து கிளம்பும் கரண்டு, உன் உடம்பு வழியாகப் பாய்ந்து அதே சுருளுக்குத் திரும்பிவிடும். சுவர்ப் பக்கம் கணக்கு சரியாகவே இருக்கும். இஎல்சிபி விழாது, பிளக்கிலுள்ள 13 ஆம்பியர் ஃபியூஸும் எரியாது. சுவரில் 230 வோல்ட். அந்தச் சுருளிலோ 2,000 வோல்ட் அளவுக்கு வரும். கைக்குக் கை 50 மில்லி ஆம்பியர் சில நொடி பாய்ந்தாலே இதயத் துடிப்பு குலைந்து உயிர் போகலாம். அந்தச் சனியன் அதைப்போல் பல மடங்கு கொடுக்கும். பாத்திரம் கழுவும் கையுறையெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அமெரிக்காவில் மட்டும் இந்த வேலை செய்து 30 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். அங்குள்ள மரக்கடைசல்காரர் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் இதைச் செய்யவே கூடாது என்று தடை போட்டுவிட்டது.

நீ கவனமான பிள்ளைதான். ஆனால் இதில் கை ஒரு தடவை வழுக்கினால் போதும், மறு தடவை கிடைக்காது.

பிளக்கைக் கழற்றிவிட்டு வயரை வெட்டிப் போடு. அடுப்புக் கூட்டுக்குள் இருக்கும் கப்பாசிட்டர், அதாவது கரண்டைச் சேர்த்து வைக்கும் பாகம், அதன் பக்கம் போகாதே. பிளக் எடுத்த பிறகும் அதில் சார்ஜ் நிற்கும். கூட இருக்கும் பையன்களிடமும் சொல்லி வை: யாருக்காவது ஷாக் அடித்தால் ஆளைத் தொடக் கூடாது, முதலில் மெயின் சுவிட்சை அணைக்கணும், உடனே அவசர உதவிக்கு 999-க்கு அடிக்கணும்.

பலகையில் சுட்டு வரைய ஆசையென்றால், சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை போட்ட அடாப்டரோடு வரும் சூட்டுப் பேனா ஒன்று வாங்கிக்கொள். காசு நான் போட்டுவிடுகிறேன். வெட்டிய வயரை இன்றைக்கே படம் எடுத்து அனுப்பு. அது வரும்வரை போன் அடித்துக்கொண்டே இருப்பேன்.

அன்புடன்,
அம்மா