கையெழுத்து ஒத்துப்போகவில்லை

திருச்சி,
ஞாயிறு காலை

அன்புள்ள மாணிக்கம்,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆடி பிறந்தபிறகு பதில் எழுதுகிறேன். திட்டுவதை மொத்தமாகத் திட்டிவிடு. இங்கே எல்லாரும் சௌக்கியம். மீனாவுக்கு முழங்கால் வலி பழையபடி. செக்குக் கணேசன் மகள் கல்யாணத்துக்கு நீ வரவில்லையென்று அவனுக்கு மனத்தாங்கல். உன் பேரிலும் நானே மொய் எழுதிவிட்டேன். 1,001 ரூபாய் பாக்கி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாடியில் தளம் போட்ட கொத்தனாருக்கு 18,000 ரூபாய்க்குச் செக் கொடுத்தேன். நாலாம் நாள் அவர் அதைத் திண்ணையில் வைத்துவிட்டு, "பணம் இல்லேன்னா சொல்லியிருக்கலாமே சார்" என்றார். முப்பத்துநாலு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவனைப் பார்த்து! பணம் இருந்ததடா. கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம்.

பேங்குக்கு ஓடினேன். அங்கிருந்த பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். 1987இல் நான் போட்ட கையெழுத்து. 'சு'வின் சுழி ஒரே இழுப்பில் வந்து, கடைசி 'ம்' புள்ளி தனியாக, திமிராக நிற்கிறது. "ஒரு தடவை செக் பண்ணிக்கலாம் சார், இதுல நாலு கையெழுத்துப் போடுங்க" என்று வெள்ளைத்தாளை நீட்டினாள். போட்டேன். நாலும் நாலு பேர் போட்டதுபோல் இருந்தன. அவள் ஒன்றும் சொல்லவில்லை. என் கையைப் பார்த்துவிட்டு, "உடம்பு செக்கப் ஏதாவது பண்ணீங்களா சார்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

செக், செக் பண்ணு, செக்கப். போதாக்குறைக்கு அன்று நான் போட்டிருந்ததும் செக் சட்டை. ராத்திரி தூக்கம் பிடிக்காமல், இந்த ஒரு சொல் எத்தனை வேலைதான் பார்க்கும் என்று தேடப் போனேன். சிரிக்காதே. எல்லாம் நாம் விடுதி மொட்டைமாடியில் ஆடிய ஆட்டத்தில் போய் முடிகிறது.

பாரசீகத்தில் ஷா என்றால் ராஜா. சதுரங்கத்தில் எதிராளியின் ராஜாவைத் தாக்கும்போது "ஷா!" என்று குரல் கொடுத்து எச்சரிப்பார்களாம். அது அரபிக்குப் போய், பிரெஞ்சில் உருமாறி, ஆங்கிலத்தில் 'செக்' ஆனது. ஆக, நீ என்னை ஏய்த்து ஜெயித்த அத்தனை தடவையும் கத்தியது "ராஜா!" என்றுதான். 'ஷா மாத்' என்றால் ராஜா வழியற்றுப் போனார் என்று அர்த்தம், செக்மேட். நம் க்ஷத்திரியனில் உள்ள 'க்ஷத்ர'வும் இந்த ஷாவும் தூரத்துப் பங்காளிகள். ஆட்டம் இங்கிருந்து சதுரங்கமாகக் கிளம்பிப் போனது, கூப்பாடு மட்டும் ஆங்கிலமாகத் திரும்பி வந்திருக்கிறது.

ராஜாவுக்குச் செக் வைத்தால் ஆட்டம் சட்டென்று நிற்கிறது அல்லவா? அதிலிருந்து தடுப்பது, கட்டுப்படுத்துவது, தப்பு நடக்காமல் சரிபார்ப்பது என்று சொல் நகர்ந்துகொண்டே போயிருக்கிறது. பேங்க் செக்கும் அதே வழிதான். பணச்சீட்டில் யாரும் கைவைக்காமல் இருக்க ஓர் அடிக்கட்டை வைத்துக்கொண்டார்கள். முதலில் செக் என்றது அந்த அடிக்கட்டையை. பிறகுதான் கிழித்துக் கொடுக்கும் தாளுக்கு அந்தப் பெயர் வந்தது. கணேசன் வீட்டுச் செக்குக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அவனிடம் சொல்லிவைக்காதே, மனசொடிந்துவிடுவான்.

இதில் ஒரு கணக்கு வாத்தியாருக்குப் பிடித்த கதை வேறு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ராஜாவின் வரிக்கணக்கைப் பார்க்க ஒரு மேஜை. பத்தடி நீளம், ஐந்தடி அகலம், சுற்றிலும் நாலு விரல் உயர விளிம்பு. மேலே கோடு போட்ட கறுப்புத் துணி. ரோமன் எண்ணை வைத்துக்கொண்டு எவன் கூட்டிக் கழிப்பது? அதனால் பென்னி, ஷில்லிங், பவுண்டு, இருபது, நூறு, ஆயிரம் என்று வரிசை பிரித்து, சோழி வைப்பதுபோல் வில்லைகளை வைத்து, நகர்த்தி, எடுத்திருக்கிறார்கள். பூஜ்யத்துக்குப் பதில் காலி இடம்! வரி வசூலித்து வந்த ஷெரீஃப் ஒரு தரப்பு, பொக்கிஷ அதிகாரி எதிர்த்தரப்பு. அப்படிப் பொக்கிஷ அதிகாரியாக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீலே இதையெல்லாம் எழுதிவைத்து, இரண்டு பேருக்கும் நடப்பது சதுரங்கப் போர்தான் என்கிறார். சதுரங்கப் பலகைக்கான பெயரே அந்த மேஜைக்கும் வந்து, 'எக்ஸ்செக்கர்' என்று கஜானாவுக்கே பெயராகிவிட்டது. பிரிட்டன் நிதியமைச்சரை இன்றைக்கும் சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர் என்றுதான் சொல்கிறார்கள். செக் சட்டையின் கட்டமும் அந்தப் பலகைக் கட்டம்தான். பேங்க் செக்கை ஆங்கிலேயன் 'க்யூ' போட்டு எழுதுவதுகூட எக்ஸ்செக்கரைப் பார்த்து வந்த பழக்கம். அமெரிக்காக்காரன் அந்த வம்பே வேண்டாமென்று எல்லாவற்றையும் ஒரே மாதிரி எழுதிவிட்டான். நம் தமிழும் அவன் கட்சி.

விடிய இரண்டு மணிவரை இதைப் படித்தேன் என்றால் ஏன் என்று உனக்குத் தெரியாதா? கை நடுங்குகிறதடா மாணிக்கம். காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறேன். சட்டைப் பித்தான் போட நேரமாகிறது. வயசுதானே என்று ஆறு மாசமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தெரு டாக்டர், நரம்பு டாக்டரைப் பாருங்கள் என்று சீட்டு எழுதிவிட்டார். வெள்ளிக்கிழமை போகிறேன். மீனாவுக்குத் தெரியாது. நீ போன் பண்ணும்போது உளறிவைக்காதே. உன் வாய் எனக்குத் தெரியும்.

இந்தக் கடிதத்தைப் பேரன் கம்ப்யூட்டரில் நானேதான் ஒற்றை விரலால் தட்டினேன். கீழே பேனாவால் மூன்று தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உன் டிரங்குப் பெட்டியில் என் பழைய கடிதங்கள் கிடக்குமே, ஒன்றை எடுத்து இதோடு பக்கத்தில் வைத்துப் பார். எதிலாவது அந்த 'சு' இருக்கிறதா? எனக்காகப் பொய் சொல்லாமல் எழுது. வெள்ளிக்கு முன்னால் கிடைத்தால் நல்லது.

சுந்தரம்
சுந்தரம்
சுந்தரம்

பின்குறிப்பு: அந்த 1,001 ரூபாயைச் செக்காக அனுப்பித் தொலைக்காதே.