உடனே ஃபார்மட் அடிக்காதீர்கள்: தர்மபுரி கணினி சர்வீஸ் கடைக்காரர்களுக்கு ஒரு மடல்

தர்மபுரி மாவட்டத்தில் கணினி சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பிகளுக்கு வணக்கம்.

நான் அரூரில் பத்திரம் எழுதுகிறவன். கிரயம், தானம், பாகப்பிரிவினை எல்லாம் என் மேசைக் கணினியில்தான் தட்டச்சாகும். உங்களில் ஒரு கடைமேல் எனக்கு மனத்தாங்கல் உண்டு. பெயர் சொல்லப் போவதில்லை. இந்தப் பழக்கம் ஒரு கடையோடு நிற்கவும் இல்லை.

ஆடி மாதம் பதிவு குறைவு, சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆவணி பிறந்து கூட்டம் வரத் தொடங்கியதும் கணினி மக்கர் செய்தது. காலையில் போட்டால் பத்துப் பதினைந்து நிமிடம் ஒழுங்காக ஓடும். அப்புறம் நீலத்திரை. தானே அணைந்து எழும், மறுபடியும் நீலம். சிபியுவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கடைத் தம்பி ஒரே ஒரு முறை போட்டுப் பார்த்தார். "விண்டோஸ் போச்சு சார், ஃபார்மட் அடிச்சிடலாம்" என்றார். அதாவது சி டிரைவை மொத்தமாக அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது. டி டிரைவில் இருந்தது தப்பித்தது. டெஸ்க்டாப்பில் இருந்தது மொத்தமும் போயிற்று: எட்டு வருட வரைவுகள், செக்குபந்தியோடு, அதாவது நான்கு எல்லை விவரத்தோடு, சேர்த்து வைத்திருந்த மாதிரிகள். பேக்கப் வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை.

நான்காம் நாள் அதே நீலத்திரை. இந்தமுறை ராம் என்ற தற்காலிக நினைவகத்தை மாற்றினார்கள். அதற்கும் அடங்கவில்லை.

கடைசியில் சேலத்தில் படிக்கும் அக்கா மகன் போனிலேயே பிடித்துவிட்டான். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுக்கச் சொல்லி சேஃப் மோடுக்குக் கூட்டிப் போனான். "அப்படியே விட்டுட்டு டீ குடிச்சிட்டு வாங்க மாமா" என்றான். இரண்டு மணி நேரம் ஓடியது, நீலம் வரவே இல்லை. டிரைவர் என்பது விண்டோஸின் அடியில் ஓடும் சின்ன நிரல். சேஃப் மோடில் விண்டோஸ் தனக்கு அத்தியாவசியமான டிரைவர்களை மட்டும் ஏற்றுமாம். அங்கே நன்றாக ஓடினால், பெரும்பாலும் கோளாறு நாம் வெளியிலிருந்து போட்ட ஏதோ ஒன்றில்தான். பிறகு சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற இடத்தைக் காட்டினான். நீலத்திரை வரும்போதெல்லாம் ஒரு சின்னக் கோப்பு அங்கே தேதியோடு விழுந்திருக்கிறது. புளூஸ்கிரீன்வியூ என்ற இலவச மென்பொருளில் ஏழு கோப்பைத் திறந்தோம். ஏழிலும் ஒரே டிரைவர், ஆன்டிவைரஸினுடையது.

விஷயம் இவ்வளவுதான். காசுக்கு ஒரு ஆன்டிவைரஸ் போட்ட கடை, "கூடவே இருக்கட்டும் சார்" என்று இலவசமாக இன்னொன்றையும் போட்டிருந்தது. ஃபார்மட் அடித்த கையோடு அதே இரண்டையும் திரும்பப் போட்டார்கள். களையைப் பிடுங்கிவிட்டு அதே விதையைத் தூவின கதை.

ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பது இதற்குத் தோதாகப் பொருந்துகிறது. திறக்கிற ஒவ்வொரு கோப்பையும் ஆன்டிவைரஸ் இடைமறித்துச் சோதிக்கும். அதற்காகவே விண்டோஸின் கருவறையான கெர்னலில் அதன் டிரைவர் உட்கார்ந்திருக்கும். ஒரே கோப்புக்கு இரண்டு பேர் கைநீட்டினால் மோதல் வரலாம். வேர்டு தவறு செய்தால் வேர்டு மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னலில் இருப்பவர் தவறு செய்தால், மேலும் சேதம் வேண்டாம் என்று விண்டோஸ் மொத்தமாக நின்றுவிடும். அதுதான் நீலத்திரை.

இது அரூர்க்காரன் தலையில் மட்டும் விழுந்த இடி அல்ல. 2010 ஏப்ரலில் மெக்கஃபி என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பான எஸ்விசிஹோஸ்டையே வைரஸ் என்று பிடித்துப் பல கணினிகளை முடக்கியது. 2024 ஜூலை 19 உங்களுக்கே நினைவிருக்கும். கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் கணினிகள் விழுந்ததாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதினார்கள். அதற்குச் சொல்லப்பட்ட வைத்தியம் என்ன? சேஃப் மோடில் போய் ஒரே ஒரு கோப்பை அழிப்பது. ஃபார்மட் இல்லை.

எல்லா நீலத்திரைக்கும் ஆன்டிவைரஸ்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ராமும் கெடும், சூடும் கெடுக்கும். மினிடம்பில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு டிரைவர் பெயர் வந்தால் ராமைச் சந்தேகப்படுவது சரி. திரும்பத் திரும்ப ஒரே பெயர் வந்தால் அந்த ஆளை முதலில் விசாரியுங்கள். கன்ட்ரோல் பேனலில் நீக்கினால் மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், அந்தந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியையும் ஓட்டுங்கள். என் கணினியில் அப்படி இரண்டையும் எடுத்ததும் விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர் தானே பொறுப்பேற்றுக்கொண்டது. அதன்பின் நீலத்திரை வரவில்லை.

இன்னொன்று, புது லேப்டாப் வாங்குகிறவர்களுக்காக. டிரைவில் உள்ளதைப் பிறர் படிக்காதபடி விண்டோஸ் போடும் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் சேஃப் மோடுக்குப் போகும்போது 48 இலக்கச் சாவியைக் கேட்கலாம். முதல்முறை செட்டப் செய்து கொடுக்கும்போதே அதை ஒரு தாளில் எழுதி வாடிக்கையாளரிடம் கொடுத்துவிடுங்கள். பாதிப் பேருக்கு அப்படி ஒரு சாவி இருப்பதே தெரியாது.

ஃபார்மட் அடித்தே தீர வேண்டிய நாளும் வரும். அன்று போன் போட்டு, "டெஸ்க்டாப்பில் என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்குத் தனியாகக் கூலி கேட்டாலும் தருகிறோம்.

புது ராமுக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கப் போவதில்லை. கழற்றிய பழைய ராம் நல்ல ராம்தான். இன்னும் கடையில் கிடந்தால் எடுத்து வையுங்கள், அடுத்த முறை தர்மபுரிக்கு வரும்போது வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அரூர் பத்திர எழுத்தர் ஒருவர்